சொன்னாலும் விடாதே

கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட அந்தப் பழைய பிக்கப்பைப் பார்த்ததும் மெக்கானிக்கின் கை பரபரத்தது. பட்டை ஸ்பிரிங்குகள் விரிந்திருந்தன. ஸ்டியரிங் கம்பி வளைந்திருந்தது. அடியில் பிரேக் குழாயைக் கல் கிழித்திருந்தது. மலைத்தடம் அதை ஒரு கை பார்த்திருக்கிறது.

"எல்லாத்தையும் மாத்துங்க. இன்னும் உயரமா தூக்கி, பெரிய டயர் போடுங்க" என்றார் வண்டிக்காரர். கேபின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

"அட விடுங்க, பாத்துக்கலாம்" என்றான் மெக்கானிக்.

வாயைத் திறந்தால் அதுதான் வரும். தெருவில் அவனுக்கு 'விடு மாஸ்டர்' என்றே பெயர். "கூரை தலையில விழுந்தாலும் இந்த மனுஷன் விடுன்னுதான் சொல்வாரு" என்று அவன் மனைவி சிரிப்பாள். ஷெட்டில் அவனுக்கு வலது கை அவள்தான்.

வேலை தொடங்கிய நாளிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆளில்லாத வண்டியில் பிரேக் விளக்கு எரிந்தது. பேட்டரி இறங்கிப் போயிற்று. சுவிட்சை மாற்றினான், மறுபடி எரிந்தது. கேபினை எத்தனை முறை கழுவினாலும் பிரேக் மிதியைச் சுற்றி ஈர மண் இருந்தது. அடைமழையில் சரிந்த கரையின் வாடை வந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை.

புது ஸ்பிரிங்கும் பெரிய டயரும் ஏறியதும் வண்டி ஷெட்டின் தகரக் கூரையில் இடித்தது. பின்னால் எடுத்து, ஷெட்டை நோக்கிச் சரிந்த வாசலில், முகம் ஷெட்டைப் பார்க்க நிறுத்தினார்கள். கைபிரேக் இன்னும் பூட்டப்படவில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தான். மிச்சம் இருந்தது பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை.

அது இருவர் வேலை. கீழே படுத்திருப்பவன் 'பிடி' என்பான். மேலே இருப்பவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'பிடிச்சிருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அவன் சக்கரத்தருகே குழாய் முனையிலுள்ள நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடி, 'விடு' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய், பட்ட பாடெல்லாம் வீண்.

சாயங்காலம் தூறல் பிடித்தது. தகரத்தில் மழை சடசடத்தது.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்." மனைவியின் குரல்.

"விடு."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் ஏதோ சொன்னாள். மழையில் காதில் விழவில்லை.

"பிடி" என்றான்.

"பிடிச்சிருக்கேன்."

குரல் கம்மியிருந்தது. நனைந்து தொண்டை கட்டிவிட்டது போல என்று நினைத்தபடி நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பீய்ச்சியது. அப்போது ஷெட்டிலிருந்து இரண்டு கால்கள் சேற்றில் நடந்து வந்து வண்டிக்கு முன்னால் நின்றன.

மனைவியின் கால்கள்.

"பிரேக் ஆயில் தீந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்னு சொன்னேனே, கேக்கலையா?"



தலையைத் திருப்பினான். சேற்றில் கட்டைகள் வழுக்கிப் போயிருந்தன. சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இடைவெளி. நிப்பிள் திறந்திருந்தால் எந்தப் பிரேக்கும் பிடிக்காது. ஆனாலும் வண்டி அசையாமல் நின்றது.

நிப்பிளை இறுக்கிவிட்டு, மூச்சை அடக்கி, ஊர்ந்து வெளியே வந்தான். கேபினை எட்டிப் பார்த்தான்.

யாரும் இல்லை.

பிரேக் மிதி மட்டும் அடிவரை அழுந்திக் கிடந்தது.

"ஏங்க, என்னாச்சு? ஏன் இப்படி வேர்க்குது?" வண்டிக்கும் ஷெட்டின் சுவருக்கும் நடுவில் நின்று அவள் கேட்டாள். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது. வாய் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"ஒண்ணுமில்ல. விடு, பாத்துக்கலாம்."

கேபினுக்குள் யாரோ நீண்ட மூச்சு விட்டார்கள்.

மிதி மெல்ல மேலே எழும்பியது.

வண்டி நகர்ந்தது. அவள் பின்வாங்கினாள். முதுகில் சுவர் முட்டியது. இவள் போய்விட்டால் தனக்கு எதுவுமே மிச்சமில்லை என்று அந்த நொடியில் அவனுக்கு உறைத்தது.

"பிடி! பிடி! இனிமே நானே சொன்னாலும் விடாதே!"

வண்டி நின்றது. பம்பர் அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சரிண்ணே."

அந்தக் கம்மிய குரலை இம்முறை அவளும் கேட்டாள். அவன் கட்டைகளை மறுபடி முட்டுக்கொடுத்து அவளை வெளியே இழுத்தான்.

வண்டியை எடுக்க வந்தவரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் முதல்முறையாகக் கேபின் பக்கம் திரும்பினார். "என் தம்பி" என்றார். "இறக்கத்துல வண்டி வழுக்குச்சு. சக்கரத்துக்கு வைக்க கல்லு தேட நான் இறங்கினேன். 'நான் சொல்ற வரைக்கும் பிரேக்கை விடாதே'ன்னேன். கரை சரிஞ்சு மண்ணு கேபினை மூடிருச்சு. தோண்டி எடுக்கறப்பவும் கால் மிதி மேலதான் இருந்தது." குரல் உடைந்தது. "விடுன்னு சொல்ல நான் போகவே முடியல."

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "உங்க ஷெட்டை விட்டு வந்ததுலேர்ந்து விளக்கு தானா எரியறதில்ல. மண்ணும் இல்ல. தம்பிக்கு விடுதலை கிடைச்சிருச்சு, மாஸ்டர். நீங்க நல்லா இருக்கணும்."

மெக்கானிக்கின் கண் கலங்கியது. அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

அடுத்து ஒரு சின்னக் கார் வந்தது. புதுசு போலச் சுத்தமான கார். சமதரையில் நிறுத்தி, கட்டையெல்லாம் சரிபார்த்துவிட்டு அவன் கீழே படுத்தான். மனைவி மேலே உட்கார்ந்தாள்.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

காற்றை எடுத்தான். நிப்பிளை மூடினான்.

"விடு."

"எடுத்துட்டேன்" என்று இறங்கினாள் அவள். உடனே அவன் தோளைப் பற்றினாள். "ஏங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மிதி மேலே வரவில்லை. அதைச் சுற்றி ஈர மண் இருந்தது.

"விடு" என்றான் மறுபடி. "விட்டுரு, தம்பி. போதும்."

"நீங்க சொன்னாலும் விடமாட்டேண்ணே."