வீட்டில் உள்ளோர்: இரண்டு

வீட்ஸ்கெ தனியாக வாழ்பவள். அரசாங்கப் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குரிய வரியில், வீட்டில் உள்ளோர் என்ற கட்டத்தில், இரண்டு என்று இருந்தது.

மணி மூன்றரைதான். ஆனாலும் நவம்பர் கடைசி என்பதால் குரோனிங்கன் நகரம் அதற்குள் விளக்குகளை ஏற்றிவிட்டிருந்தது. கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்த காற்று மழையைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி ஜன்னலில் எறிந்துகொண்டிருக்க, அவள் வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஆராய்ச்சி அறையில் சூட்டுக்குழாயின் மேல் வெந்துகொண்டிருந்த தூசியின் வாடையும், நாற்காலியில் தொங்கிய ஈரக் கோட்டின் நாய் வாடையும் கலந்து அவள் மூக்கிலேயே குடியிருந்தன. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், புள்ளிவிவர அலுவலகத்தோடு மட்டும் பேசக்கூடிய சுவர் தொலைபேசி ஒன்று. கைப்பை, போன், பேனா எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நாட்டின் ஒரு கோடியே எண்பது லட்சம் பேரும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தார்கள். பெயர் கிடையாது. ஆளுக்கு ஓர் எண். அந்த எண் யாரோடு வசிக்கிறது, யாருக்குப் பக்கத்து வீடு, யாரோடு வேலை பார்க்கிறது, யாருக்குப் பிள்ளை என்ற இழைகள்.

மனிதன் என்று தனியாக யாரும் இல்லை, அவனுடைய தொடர்புகளின் கூட்டுத்தொகைதான் அவன் என்பது அவளுடைய மேலதிகாரியான பேராசிரியர் லூடல்ஃபின் கண்டுபிடிப்பு. அதற்கு அவருக்கு எட்டு ஆண்டுகளும் மூன்று அமைச்சர்களும் தேவைப்பட்டார்கள். விருந்தில் கழிப்பறைக் கதவருகே இடம் ஒதுக்கப்பட்ட எவரும் ஒரே மாலையில் கண்டுபிடித்திருப்பார்கள். ஓர் எண்ணை எடுத்துவிட்டு, அதே இழைகளோடு இன்னொன்றை அங்கே வைத்தால் வலைக்கு வித்தியாசமே தெரியாது என்று அவர் மேடைகளில் சொல்வார். கை தட்டுவார்கள். வீட்ஸ்கெயும் தட்டியிருக்கிறாள், சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

தன்னையே தேடக் கூடாது என்பது அந்த அறையின் முதல் விதி. தேடாத ஆராய்ச்சியாளர் அந்த நாட்டில் இல்லை. இன்று அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. காலையில் புது அட்டவணைகள் வந்திருந்தன. பகல் இடைவேளையில் அந்த நாட்டு வழக்கப்படி அவளே கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்து, எல்லோரிடமும் கை குலுக்கல் வாங்கியாயிற்று. பிறகு ஓர் அற்ப ஆசை. ஃபிரிஸ்லாந்தில் கடலணை ஓரத்தில் அவள் பிறந்த கிராமத்தில், அவள் பிறந்த மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றே ஒன்று. அகப்பட்டாள்.

இரண்டு.

பிழையாக இருக்கும் என்று நினைத்தாள். அரசாங்கத்தில் பிழைக்கா பஞ்சம். அந்த இரண்டாவது எண்ணைத் தட்டினாள். பிறந்த தேதி காலி. ஆணா பெண்ணா, காலி. பிறந்த ஊர், காலி. இழைகள் மட்டும் இருந்தன. முந்தைய ஆண்டின் அட்டவணையில் அது அவளுக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்து நாலு வருஷமாக அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மூன்று வீடு தள்ளி. அதற்கும் முன் ஏழு. விவாகரத்தாகி அவள் ஊர் மாறிய மாதத்தில் அதுவும் ஊர் மாறியிருந்தது. பழைய ஊரில், அதே தெருவின் மறுகோடியில் தொடங்கியிருந்தது.

சூட்டுக்குழாய் டொக்கென்று ஒரு முறை சத்தம் போட்டது.

தன் அம்மாவின் வரியைத் திறந்தாள். அம்மாவுக்கு மகள் அவள் ஒருத்திதான். அங்கே மகள்கள் இருவர். உட்ரெக்ட்டில் படிக்கும் தன் மகள் யில்டாவின் வரியைத் திறந்தாள். தாய்மார் இருவர்.

இதேபோல் விவரம் காலியான எண்கள் இதற்கு முன் வேறு யார் வீட்டிலாவது வந்திருக்கின்றனவா என்று தேடினாள். ஐந்து வீடுகள். ஐந்திலும் ஒரே கதை. ஓர் ஆண்டு எல்லாம் இரட்டையாக இருக்கும்: இரண்டு கணவர்கள், இரண்டு தங்கைகள், இரண்டு அப்பாக்கள். அடுத்த ஆண்டு ஒன்றுதான். எஞ்சியது விவரம் காலியான எண்தான், சந்தேகத்துக்கு இடமில்லை. மற்றது இறப்புப் பதிவேட்டில் இல்லை. வெளிநாடு போனவர் பதிவேட்டில் இல்லை. அந்த வரியே இல்லை. யாரும் தேடியதாகவும் இல்லை. எந்த வீட்டிலும் ஆள் குறையவில்லையே.

அட்டவணையை வெளியே அனுப்பித்தர விண்ணப்பித்தாள். ஐந்து நிமிடத்தில் சுவர் தொலைபேசி அடித்தது. புள்ளிவிவர அலுவலகத்தின் சரிபார்ப்பாளர். நல்ல தூக்கம் தூங்குபவரின் குரல்.

"மேடம், பத்துப் பேருக்குக் குறைஞ்ச எதையும் வெளிய விட முடியாது. உங்க அட்டவணையில ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க. அவங்க அந்தரங்கத்துக்கு நாங்கதானே பொறுப்பு."

அந்த ஒரு ஆளோடு அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாளே, அவளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். அவர் விதியின் எண்ணைச் சொன்னார்.

"அந்த இன்னொருத்தி நான்தாங்க."



"நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல மேடம். கேட்டிருந்தா உங்க அனுமதி அட்டைய முடக்கணும்." பிறகு இரக்கப்பட்டிருக்க வேண்டும். "எதுக்குப் பதட்டப்படறீங்க? நீங்க பாக்கறது போன டிசம்பர் நிலவரம். நம்ம பதிவேடு எப்பவும் ஒரு வருஷம் பின்னாடிதான் வரும். அதுல இருக்கறதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சது."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போன டிசம்பர். அப்படியென்றால் அது வந்துகொண்டிருக்கவில்லை. வந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. குளிப்பதற்கு முன்பே ஈரமாக இருக்கும் துண்டு. இரண்டு வாரம் வரவேண்டிய காப்பித்தூள் ஒரு வாரத்தில் தீர்வது. மாடிப்படியின் நாலாவது பலகை, அவள் படுத்த பிறகு, ஒரே ஒரு தடவை முனகுவது. கட்டிலின் மறுபக்கம் சிலநாள் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் என்று நினைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஒன்னோ எதிரே வந்தான். பக்கத்து அறைக்காரன், பத்து வருஷப் பழக்கம்.

"நீ இன்னுமா இங்க இருக்க? அரைமணி முன்னாடி சைக்கிள் எடுத்துட்டுப் போனியே. கையாட்டினேன், நீயும் ஆட்டினியே."

சைக்கிளில் போனவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று வீட்ஸ்கெ கேட்டாள்.

"உன்னைப் பாத்தேனா, உன் சட்டையப் பாத்தேனா? வயசு நாப்பத்தஞ்சு ஆனதும் கேள்வியப் பாரு." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவளுடைய பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். போன் இல்லை. வீட்டுச் சாவி இல்லை. கீழே சைக்கிளும் இல்லை. அந்த ஊரில் சைக்கிள் திருடு போவது தினசரிச் சமாச்சாரம். திருடன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று சைக்கிள்காரி ஒருத்தி மனதார வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல்முறையாக இருக்கும்.

நடந்தாள். பிறகு ஓடினாள். அம்மாவும் தம்பியும் யில்டாவும் எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு, இப்போது ஐந்தேகால், அதற்குள் வீட்டுக்குப் போய், கதவை உடைத்தாவது உள்ளே போய், அவர்கள் வரும்போது வாசலில் நிற்பது அவளாக இருந்துவிட்டால் போதும், தன்னுடைய மூன்று இழைகளையும் கையில் பிடித்துக்கொண்டுவிடலாம் என்று நினைத்தாள். மழை முகத்தில் அறைந்தது. எதிரே வந்த சைக்கிள்கள் மணி அடிக்கவில்லை, விலகவுமில்லை. அவள்தான் ஒதுங்கினாள். ஒவ்வொரு முறையும்.

தெரு.

வீடு.

விளக்கு எரிந்தது.

நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எட்டு மணிக்கு வர வேண்டியவர்கள் அதற்குள் வந்திருந்தார்கள். அம்மா, தம்பி, யில்டா. கையில் தட்டு, தட்டில் கேக். தம்பி எழுந்து, அந்த நாட்டு வழக்கப்படி அம்மாவின் கையைக் குலுக்கி, மகளின் பிறந்தநாளுக்காக அவளை வாழ்த்திக்கொண்டிருந்தான். நாலாவது நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டியிருந்தது. அதில் ஒரு தலை. அம்மா குனிந்து, அந்தத் தலைக்கு முன்னால் போய், கன்னத்தில் ஒட்டிய கிரீமைக் கட்டைவிரலால் துடைத்தாள். அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

வீட்ஸ்கெ கண்ணாடியில் தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்.

யில்டா நிமிர்ந்தாள். எழுந்தாள். ஜன்னலருகே வந்து, இரண்டு கைகளையும் கண்ணுக்குக் குடையாகப் பிடித்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தாள். நேருக்கு நேர். ஒரு சாண் இல்லை. அவள் மூச்சு கண்ணாடியில் பனித்தது. வீட்ஸ்கெ தன் உள்ளங்கையை வெளிப்புறம் அந்தப் பனிப்புக்கு நேராக வைத்து அழுத்தினாள், பெயரைச் சொன்னாள், குழந்தையாக இருந்தபோது மட்டும் கூப்பிட்ட பெயரையும் சொன்னாள்.

யில்டா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். பிறகு நாலாவது நாற்காலியின் பக்கம் திரும்பினாள். உதடுகள் அசைந்தது தெரிந்தது.

"யாரும் இல்லம்மா."

கண்ணாடியின் உட்புறம் மகளின் மூச்சு வட்டமாக நின்றது. வெளிப்புறம் மழை நேராக, தடையில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. அவள் கை வைத்திருந்த இடத்திலும்.