ஏழாம் பக்கம்

எஃப்ரேனுக்கு ஸ்பானிஷ் நன்றாகப் படிக்க வரும். ஆங்கிலம் வராது. இது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

பாதாம் தோட்டத்தில் மருந்து அடிப்பது அவர் வேலை. மருந்துக் கேனோடு ஒரு சின்னப் புத்தகம் வரும். எவ்வளவு கலக்க வேண்டும், எந்தக் கையுறை போட வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தை மட்டும் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். கேன் வீட்டுப் பக்கமே வராது. கைகளை இரண்டு முறை கழுவிவிட்டுச் சமையலறை மேசையில் உட்காருவார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் மரிசோல் அதைப் படித்துச் சொல்வாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு புது மருந்து வந்தது. பாதாம் கொழுந்தைத் துளைக்கும் புழுவுக்கானது. அது புழுவை உடனே கொல்வதில்லை. புழு வளர வேண்டுமானால் பழைய தோலை உரித்துப் போட வேண்டும். இந்த மருந்தைத் தின்ற புழுவால் சரியாக உரிக்க முடியாது. வளராமலே செத்துப்போகும்.

இதைக் கேட்டுத் தம்பி பெத்தோ பயந்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது.

"அது என் மேல பட்டா நான் ஒண்ணாம் கிளாஸ்லயே இருந்துடுவேனா?"

"அதுக்கு மருந்து எதுக்கு? நீ இப்படியே இருந்தா போதும்" என்றாள் மரிசோல்.

அப்பா சிரிக்கவில்லை. தேனீயைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. பூக்களில் மகரந்தம் சேர்க்க ஊரெல்லாம் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன.

மரிசோல் தேடினாள். நான்காம் பக்கத்தில் இருந்தது. வளர்ந்த தேனீக்களுக்குத் தீங்கு மிகக் குறைவு.

"நல்லது. வேற?"

இன்னும் எட்டுப் பக்கம் இருந்தது. தட்டில் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, கேசடியா, ஒன்றே ஒன்று மீதி இருந்தது. பெத்தோவின் கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மரிசோல் புத்தகத்தை மூடினாள்.

"அவ்வளவுதான்ப்பா."

மறுநாள் மாலை, தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு, எஃப்ரேன் கிழக்குத் தோட்டத்தில் மருந்து அடித்தார். பூஞ்சை மருந்தையும் புழு மருந்தையும் ஒரே தொட்டியில் கலக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர் டோன் செவெரோ. ஈர மண்ணில் டிராக்டர் இரண்டு முறை போக வேண்டாம் என்பது அவர் கணக்கு.

இரண்டு வாரம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளிப் பேருந்திலிருந்து மரிசோலும் பெத்தோவும் இறங்கியபோது மூடுபனி இன்னும் விலகியிருக்கவில்லை. உதிர்ந்த பூவிதழ்கள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. கிழக்குத் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஜோலீன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தொலைவிலுள்ள வடக்கு டக்கோட்டா மாநிலத்திலிருந்து லாரியில் தேனீக்களைக் கொண்டுவருபவர். எப்போதும் பெத்தோவைப் பார்த்ததும் ஏதாவது கிண்டல் செய்வார். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டி வாசலில் அரிசி சிந்தினாற்போல வெள்ளையாக ஏதோ கிடந்தது. மரிசோல் குனிந்து பார்த்தாள். அரிசி இல்லை. தேனீக் குஞ்சுகள். கண் இருந்தது. கால் இருந்தது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய முனை மட்டும் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு தேனீ இன்னொரு குஞ்சை இழுத்து வந்து, விளிம்பில் போட்டுவிட்டு உள்ளே போனது.

"என்ன ஆச்சு, மிஸ்?"

"தெரியல. பெரியவங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. பிள்ளைங்கதான் சாகுது."

அறுபது பெட்டியிலும் இதே கதை என்றார் ஜோலீன். பெரிய தேனீ சில வாரம்தான் உயிரோடு இருக்கும். அடுத்து வளர்ந்து வர ஆள் இல்லையென்றால் ஏப்ரலில் பெட்டி காலி. கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒரு மைல் தள்ளி மேற்குத் தோட்டத்தில் இருக்கிற அறுபது பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"குளிர்ல பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். நான்தான் கொன்னுட்டேன் போலிருக்கு" என்றார்.

பெத்தோ ஏதோ கேட்க வாயைத் திறந்தான். மரிசோல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தப் புத்தகம் மேசை இழுப்பறையில் இருந்தது. ஐந்தாம் பக்கம். ஆறாம் பக்கம். ஏழாம் பக்கத்தின் அடியில் மூன்று வரி.

பூக்கும் காலத்தில், தேனீப் பெட்டிகள் உள்ள இடத்தில் அடிக்க வேண்டாம். தேனீக்கள் மகரந்தத்தோடு மருந்தையும் கூட்டுக்குக் கொண்டுசெல்லும். அதை உண்ணும் குஞ்சுகள் வளராது.

அவளுக்குக் காது சுட்டது. மேற்குத் தோட்டம் பிந்திப் பூக்கிற ரகம், இப்போதுதான் பூத்திருந்தது. அங்கே மருந்து அடிக்க வேண்டிய நாள், நாளை.

அப்பா வேலை முடிந்து வந்தார். வெளியிலேயே வேலைச் சட்டையைக் கழற்றித் தனிக் கூடையில் போட்டார், குளித்தார், வந்து உட்கார்ந்தார். அம்மா பீன்ஸைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். மரிசோல் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு நான் முழுசாப் படிக்கலப்பா. அவ்வளவுதான்னு சொன்னது பொய்."

அவள் அந்த மூன்று வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். பெட்டி வாசலில் பார்த்ததையும் சொன்னாள்.

எஃப்ரேன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி நாட்களில் எல்லாரோடும் சேர்ந்து, படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட கைகள்.

"டோன் செவெரோகிட்ட நான் என்னன்னு சொல்றது, கண்ணு?"

சொன்னால் வேலை போகலாம். அவர்கள் இருந்த வீடும் தோட்டத்து வீடு. சொல்லாவிட்டால் நாளை மேற்குத் தோட்டத்திலும் பெட்டி வாசல்கள் வெள்ளையாகும்.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். நானே போய்ச் சொல்றேன்" என்றாள். "படிச்சது நான். விட்டதும் நான். உங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சாப்பிடு என்று மட்டும் சொன்னார்.

காலையில் அவள் கிளம்பியபோது அவர் தொப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

டோன் செவெரோ டிராக்டர் கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் இல்லையா என்று மரிசோலைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் எஃப்ரேன் முந்திக்கொண்டார்.

"இன்னைக்குப் புழு மருந்து அடிக்கக் கூடாது, டோன் செவெரோ. ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போடலையா?"

"அன்னைக்கும் போட்டிருந்துச்சு."

"அப்போ படிக்காமயா அடிச்சே?"

"நான்தான்…" என்று ஆரம்பித்தாள் மரிசோல். அப்பாவின் கை அவள் தோளில் விழுந்தது.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பதினோரு வருஷமா மறைச்சிட்டேன். முன்னாடி மத்தவங்க கலக்குறதைப் பார்த்துக் கலக்குவேன், இப்போ பொண்ணு படிச்சுச் சொல்லுவா. அவ மேல தப்பில்ல."

டோன் செவெரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூன்று வரியைப் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அளவு போட்டிருக்கிற பக்கத்தோட நிறுத்திட்டேன்" என்றார். "ரெண்டையும் ஒண்ணாக் கலக்கச் சொன்னதும் நான்தான்."

அவர் முதலாளிக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்றார். எஃப்ரேன் இனி மருந்து டிராக்டரில் ஏறக் கூடாது. ஸ்பானிஷில் பயிற்சி முடிக்கும் வரைக்கும் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கட்டும். மேற்குத் தோட்டத்தில், தேனீக்கள் ஊரைவிட்டுப் போகும் வரைக்கும் புழு மருந்து கிடையாது.

எஃப்ரேன் தலையாட்டினார். அந்த டிராக்டர் அவருக்குப் பிடிக்கும்.

ஜோலீனிடம் மரிசோலேதான் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஜோலீன் கையுறையைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"நாலு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "மேற்கால அடிக்கல இல்ல?"

"இல்ல, மிஸ். அடிக்க மாட்டாங்க."

"சரி. போ. பஸ் வந்துடும்."

பேருந்தில் மரிசோல் ஜன்னல் வழியே பெட்டிகளையே பார்த்துக்கொண்டு போனாள். ஜோலீன் மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற துணிச்சலும் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் பனி விலகியது. ஜோலீனின் லாரி மேற்குத் தோட்டத்திலிருந்து மெதுவாக வந்து நின்றது. மருந்து கலந்த மகரந்தம் இருந்த தேனடைகளை அவர் முன்பே வெட்டி எறிந்திருந்தார். மிகவும் இளைத்துப்போன பெட்டிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துவிட்டார். அறுபது பெட்டி, முப்பத்தெட்டாகச் சுருங்கியிருந்தது. இப்போது மேற்குப் பெட்டிகளிலிருந்து, குஞ்சுகள் நன்றாக இருக்கிற அடைகளை அவற்றின் மரச் சட்டங்களோடு எடுத்து இவற்றுக்குக் கொடுக்க வேண்டும். கூப்பிடாமலே எஃப்ரேன் வந்து கனமான பெட்டிகளைத் தூக்கினார்.

வேலியோரம் மரிசோலும் பெத்தோவும் நின்றார்கள்.

"இந்தக் குஞ்சுங்களுக்கு வேற வீடு போறது தெரியுமா?" என்று பெத்தோ கேட்டான்.

"தூங்குதுங்க. எழுப்பிடாத" என்றார் ஜோலீன். வலைத் தொப்பி ஒன்றை எடுத்து மரிசோலிடம் நீட்டினார். அது அவளுக்குத் தோள்வரைக்கும் தொங்கியது. கையுறை முழங்கையைத் தாண்டியது.

"அக்கா, நீ கொசுவலை மாதிரி இருக்கே" என்றான் பெத்தோ.

ஜோலீன் ஒரு சட்டத்தை மெல்ல உருவி அவளிடம் கொடுத்தார். நூற்றுக்கணக்கான சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் மெழுகு மூடி. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"நான் அந்தப் பெட்டியில இடம் பண்றவரைக்கும் பிடிச்சுக்கோ. ஆட்டிடாத."

ஒரு தேனீ வலையின் மேல் உட்கார்ந்து, அவள் மூக்குக்கு நேராக நடந்தது. மரிசோல் ஆட்டவில்லை.