கொலோன் நகரத்தின் நடுத்தாள்

“கோபுரமே இல்லாம மதுரைன்னு ஒரு படத்தை மாட்டி வெப்பீங்களாம்மா?”

வைத்தியலிங்கம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கோதைநாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சென்னையில் பழம்படச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர். வரும் தை மாதக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கக் கோயம்புத்தூர்வரை வந்திருந்தார். அவர் விரல் நீட்டிய சுவரில் ஜெர்மனியின் கொலோன் நகரம் விரிந்து கிடந்தது. ரைன் நதியின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் தெரிகிற மதில்கள், மாடங்கள், பாய்மரப் படகுகள், துறையில் மூட்டை இறக்கும் ஆட்கள். எல்லாவற்றையும் செப்புத் தகட்டில் மயிரிழையாகச் செதுக்கி, ஐந்து தாள்களில் அச்சடித்து, பக்கத்தில் பக்கமாக வைத்தால் நகரம் முழுசாக வரும்படி எந்தக் காலத்திலோ யாரோ செய்த நீளப்படம் அது.

ஐந்தில் நான்குதான் அவளிடம் இருந்தன. நடுவில் ஒரு தாள் அகலத்துக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே ஆணிகூட அடித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பொக்கை வாய் என்று கேலி செய்வார்கள்.

“கொலோனுக்கு அழகே நடுவுல இருக்கிற அந்தப் பெரிய தேவாலயம்தான். அது இல்லாத படத்தைச் சங்கத்துல வெக்க மாட்டோம். விதி அப்படி” என்றார் வைத்தியலிங்கம்.

“அது இருக்குதுங்க. எங்க இருக்குதுன்னும் எனக்குத் தெரியும்” என்றாள் கோதை.

“அப்ப எடுத்துட்டு வாங்க. நடு மண்டபத்துல, பெரிய சுவர் உங்களுக்கு!”

அவர் கார் தெருமுனை திரும்பும் முன்பே கோதை கிளம்ப முடிவு செய்துவிட்டாள்.

கோதைநாயகிக்கு மோட்டார் பம்ப் கடை. காலையில் இம்பெல்லரும் வால்வும் விற்கிற கை, மாலையில் ப்ராக், லிஸ்பன், ஆண்ட்வெர்ப் என்று பழைய நகரப் படங்களின்மேல் பூதக்கண்ணாடி பிடிக்கும். கடல் தாண்டியதில்லை. ஆனாலும் லிஸ்பன் துறையில் எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

நான்கு தாள்களையும் உக்கடத்துப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்கினாள். ஆனைமலைக் காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவிலிருந்து மேசை நாற்காலிகளோடு அவை வந்தன. “அஞ்சாவதும் இருக்குதுங்கம்மிணி. அங்க குடியிருந்த வெள்ளைக்காரன் அதை மட்டும் சட்டம் போடாம சுவத்துலயே ஒட்டிப்போட்டான். கீறினா கிழியுது. விட்டுட்டு வந்துட்டேன்” என்று அவர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மலைச்சரிவில் பங்களாவின் பின்பாதி போன மழையிலேயே விழுந்துவிட்டதாம். இந்த மழைக்கு மீதியும் போய்விடும்!

தோட்டத்து உரிமையாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். “முடிஞ்சா எடுத்துக்கோங்க” என்று சிரித்தார். வனத்துறை ஒரு பகலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மயில்சாமி என்ற காவலரைத் துணைக்கு அனுப்பியது. நாத்தனார் தேன்மொழி தானாகவே மூட்டையைக் கட்டிவிட்டாள். பாறை ஏறுவதில் அவள் கில்லாடி.

“அண்ணி, இதென்ன பைப்பு?”

“பிவிசி. ரெண்டு பக்கமும் மூடி, உள்ளே ரப்பர் வளையம். சொட்டுத் தண்ணி போகாது. தாளைச் சுருட்டி இதுக்குள்ள வெச்சுட்டா அப்புறம் மழைக்கே சவால் விடலாம்.”

தார்ப்பாய் ஒன்று, வழுவழு வேட்டிகள் இரண்டு, தாள் உரிக்க மெல்லிய தகடுகள், தாளைச் சுற்றிக்கொள்ள ஒரு சின்னக் குழாய். கோதை எல்லாவற்றையும் ஒரே எண்ணத்தோடு எடுத்து வைத்திருந்தாள்: தண்ணீர் படக் கூடாது! பழைய காகிதம் சேர்ப்பவர்களுக்குத் தண்ணீர்தான் எமன். அவள் படங்கள் இருக்கும் அறைக்குள் யாரும் டீ டம்ளரோடு நுழைய முடியாது, அவள் கணவன் உட்பட.

விடிந்ததும் நடை தொடங்கியது. பாதை என்று பெயர்தான். தேயிலைச் செடிகள் மரங்களாக வளர்ந்து வழியை மூடியிருந்தன. மயில்சாமி முன்னால் அரிவாளோடு போனார். திடீரென்று கையை உயர்த்தினார். எல்லோரும் உறைந்து நின்றார்கள். கீழே ஓடையில் ஒரு தாய் யானை குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க. காத்து நம்ம பக்கம் வீசுது. அது பாட்டுக்குப் போயிரும்” என்று கிசுகிசுத்தார். அவர் முகத்தில் துளி பயம் இல்லை.

யானைகள் மெதுவாக மேடேறி மறைந்தன. அடுத்த நிமிடம் மயில்சாமி ‘ஐயோ!’ என்று குதித்தார். காலில் ஒரு அட்டை!

“ஏனுங்கண்ணா, யானைக்குப் பயப்படல, இத்தனூண்டு அட்டைக்கா?” தேன்மொழி சிரித்துக்கொண்டே உப்பைத் தூவினாள்.

“யானை கேட்டுட்டு வருமுங்க. இந்தக் கருமம் கேக்காம வருது!”

உச்சி வெயில் வரவேண்டிய நேரத்தில் மேகம் வந்தது. ஓடையைக் கடந்து, வழுக்குப் பாறையில் தேன்மொழி கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். மேட்டில் பங்களா நின்றது. நின்றது என்று சொல்வதே அதிகம். கூரையில் பாதி ஓடுகள் இல்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் தரையிலிருந்து உத்தரம்வரை கை நுழைகிற அளவுக்கு விரிசல்.

அந்த விரிசலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், கொலோன் தேவாலயம்!

கோதை கிட்டே போய்ப் பார்த்தாள். முடிக்கப்படாத ஒரு பெரிய கோபுரம். மொட்டையாக நின்ற அதன் தலையில் மரத்தாலான ஒரு பாரந்தூக்கி, வளைந்த கழுத்தோடு. அதன் கயிறு, சக்கரம், கொக்கிவரை செதுக்கியிருந்தான் அந்தப் படம் செய்த மகராசன். பம்ப் தூக்கக் கடையில் அவள் வைத்திருக்கும் தூக்கிக்கு இது பாட்டன் முறை! அவள் கண் கலங்கிவிட்டது.

“அண்ணி, அப்புறமா அழுதுக்கலாம். சுவர் பேசுது!”

உண்மைதான். விரிசலுக்குள்ளிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

கோதை தகட்டை எடுத்துத் தாளின் கீழ் மூலையில் மெல்ல நுழைத்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சர்ர்! மூலை கிழிந்து, ஒரு படகின் பாய் இரண்டானது. இத்தனை வருடம் சுவரில் பத்திரமாக இருந்ததை இவள் வந்து கிழித்துவிட்டாள்!

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஓடில்லாத கூரை வழியாகக் கொட்டியது. “தார்ப்பாய்! தார்ப்பாயைப் பிடிங்க!” என்று அலறினாள் கோதை. மூவரும் தாளுக்கு மேல் பாயை விரித்துக் கையை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விரிசல் அகலமானது. தேன்மொழி நனைந்து கத்தினாள்: “இப்படியே எத்தனை நேரம் நிப்போம்? தாளும் வராது, நாமளும் போயிருவோம்!”

“அம்மிணி, அந்தக் கடைசில தண்ணி உள்ளே போகுதுங்க” என்றார் மயில்சாமி.

கோதை திரும்பிப் பார்த்தாள். பாயின் ஓட்டை வழியாகத் தண்ணீர் சுவரில் வழிந்து தாளின் மேல் ஓரத்தை நனைத்திருந்தது. பதறிப்போய் நெருங்கினாள். நனைந்த ஓரம் பிய்ந்து போகவில்லை, மை கலங்கவும் இல்லை. அது சுவரை விட்டுத் தானாகவே, சுருக்கமில்லாமல், நாக்குப்போல முன்னால் தொங்கியது.

அவளுக்குக் காந்திபுரம் ஞாபகம் வந்தது. ராத்திரி பெய்த மழையில் சுவரொட்டிகள் காலையில் முழுசாக உரிந்து தொங்குமே! மைதாப் பசைக்கும் இந்தச் சுவரில் தடவின மாவுப் பசைக்கும் என்ன வித்தியாசம்? இது எண்ணெய் மை, கரையாது. தாளோ மரக்கூழ் இல்லை, கந்தல் துணியை இடித்துச் செய்த பழைய காகிதம். துணி தண்ணீரில் கரைந்து யார் பார்த்தது? மில்லுகள் நிறைந்த ஊரில் பிறந்துவிட்டு இதுகூடத் தோன்றவில்லையே! இத்தனை வருடமும் இதையெல்லாம் படித்துப் படித்து அடுத்தவர்களுக்குச் சொன்னவள் அவள்தான். பயம் வந்து மூளையை மூடிவிட்டது.

“பாயை விடுங்க!”

“என்னது?”

“பாயை விடு தேனு! நனையட்டும்! நல்லா நனையட்டும்!”

தார்ப்பாய் சரிந்தது. கொலோன் நகரத்தின் மேல் ஆனைமலை மழை கொட்டியது. டம்ளர் டீக்கே சண்டை போடுகிறவள், குனிந்து தரையில் தேங்கிய தண்ணீரை இரு கையாலும் அள்ளி அள்ளித் தாளின் மேல் ஊற்றினாள். தேன்மொழியும் மயில்சாமியும் ஒரு கணம் விழித்துவிட்டு, பிறகு அவர்களும் அள்ளி ஊற்றினார்கள். பசை கஞ்சியாக வழிந்தது.

“வேட்டியை நனைச்சு மேல ஒட்டுங்க! தாளையும் வேட்டியையும் சேத்து உருட்டணும். மெல்ல… மெல்ல…”

மேலிருந்து கீழே சின்னக் குழாயின் மேல் வேட்டியோடு சேர்ந்து தாள் உருண்டு வந்தது. பாரந்தூக்கி வந்தது. கோபுரம் வந்தது. மதில், துறை, படகுகள், கடைசியில் கிழிந்த மூலையும் வந்தது. இன்னொரு வேட்டியைச் சுற்றி, பெரிய குழாய்க்குள் தள்ளி மூடியைத் திருகினாள்.

“ஓடுங்க!” என்று மயில்சாமி கத்தினார்.

வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார்கள். பின்னால் பெருஞ்சத்தம். திரும்பிப் பார்த்தபோது சாப்பாட்டு அறை இல்லை. புழுதிகூட எழவில்லை, மழை அதையும் அமுக்கிவிட்டது.

ஆனால் ஆபத்து தீரவில்லை. காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை இப்போது இடுப்புக்கு மேல் சீறியது. தேன்மொழி கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையோடு முதலில் கடந்தாள். அடுத்தது கோதை. நடு ஓடையில் கால் வைத்த கல் உருண்டது! தலைகுப்புற விழுந்தாள். கயிறு கையில் இருந்தது, தோளில் இருந்த குழாய் இல்லை.

“குழாய்! குழாய் போச்சு!”

“மிதக்குது அண்ணி! மிதக்குது!”

மூடி போட்ட குழாய் அமிழாமல், வெள்ளை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தபடி, சுழலில் தலையாட்டிக்கொண்டு போனது. தேன்மொழி கரையோரப் பாறைகளில் தாவித் தாவி ஓடினாள். வளைவில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எட்டி உதைத்தாள். குழாய், எதிர்க்கரையில் இன்னும் கடக்காமல் நின்ற மயில்சாமி பக்கம் போய் ஒதுங்கியது. அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கடந்து வந்தார். கரையேறியபோது அவர் கால் நிறைய அட்டைகள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் தாளை இரண்டு வேட்டிகளுக்கு நடுவே விரித்து, கண்ணாடிப் பலகை வைத்து, நிழலில் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு கோடு ஒன்றுகூட மங்கவில்லை. பழைய அழுக்கு போய் முன்னைவிட வெளுப்பாகத்தான் இருந்தது! ஓரங்களை மற்ற தாள்களோடு சேர்த்துப் பார்த்தாள். இரண்டாம் தாளில் பாதியாக நின்ற படகு, நடுத்தாளில் தன் மீதிப் பாதியைப் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டது. கோதை வீட்டுக்குள்ளேயே விசில் அடித்தாள்.

தை மாதம் சென்னையில், நடு மண்டபத்துப் பெரிய சுவரில் ஐந்து தாள்களும் ஒரே வரிசையில் நின்றன. நடுத்தாளை மாட்டியது மயில்சாமி. அவர் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். தேன்மொழி மட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இடது பக்கம் இம்மி தூக்குங்கண்ணா.”

வைத்தியலிங்கம் வந்து ஐந்து தாள்களையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிழிந்த மூலையைக் காட்டினார். “இதை மட்டும் சட்டத்துக்குள்ள மறைச்சுடலாமே?”

“வேண்டாமுங்க. தெரியட்டும். அது என் அவசரம் பண்ணின வேலை. அடுத்த தாளைத் தொடும்போது ஞாபகம் இருக்கணும்.”

அவர் தலையசைத்தார். பிறகு மேலே பார்த்தார். “அதென்ன, கோபுரத்து உச்சியில தூக்கி? செதுக்கினவர் தப்பாப் போட்டுட்டாரா?”

கோதைக்கு அந்தக் கேள்விக்காகத்தான் காட்டுக்குப் போய்வந்ததுபோல இருந்தது.

“இல்லீங்க, நிஜமாவே இருந்துச்சு. கோபுரம் பாதியில நின்னு போச்சு. நூத்துக்கணக்கான வருஷம் கட்டுமானமே நடக்கல. ஆனா அந்த ஊர்க்காரங்க தூக்கியை மட்டும் இறக்கல. என்னைக்காவது கட்டி முடிப்போம்னு அப்படியே வெச்சிருந்தாங்க. முடிச்சும் காட்டினாங்க!”

கூட்டம் கூடிவிட்டது. கோதை நிமிர்ந்து நின்றாள்.

“எங்கூட்டுச் சுவத்துல நடுவுல ஒரு ஆணி அடிச்சு வெச்சிருந்தனே, பொக்கை வாய்னு எல்லாரும் சிரிச்சீங்களே. அதுவும் இந்தத் தூக்கிதானுங்க.”

முதலில் கை தட்டியது வைத்தியலிங்கம்தான்.