பன்னிரண்டும் நின்றுவிட்டன!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

போயா, பௌர்ணமி விடுமுறை. பகல் பன்னிரண்டரை. துணி துவைத்துக்கொண்டிருந்த அன்னலட்சுமி ஈரக் கையோடு ஓடிவந்து ரிசீவரை எடுத்தாள்.

"பிள்ளை, விமலநாதன் கதைக்கிறன். கெதியா ஒஃபிசுக்கு வாங்கோ!"

"என்னங்க சேர்? இன்னைக்கு லீவாச்சே?"

"எங்கட தேவராசா... மெஷின் அறைக்குள்ள... செத்துக் கிடக்கிறான் பிள்ளை!"

ரிசீவர் சுவரில் மோதி ஊசலாடியது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினாள். கண்ணீர் வழிந்தது. ஏன் அழுகிறாள் என்று சிப்பாய் சந்தேகமாகப் பார்த்தான்.

2008. உள்நாட்டுப் போர். அழுதால்கூடக் காரணம் சொல்ல வேண்டிய காலம்!

ஒஃபிஸ் இரண்டாம் மாடியில் இருந்தது. பாலத்திலிருந்து கண்டி நகரம் வரை உள்ள கடைகளின் கமராப் படங்களும் ஒஃபிஸ் கமராப் படங்களும் அங்கே வந்து சேரும். பன்னிரண்டு கணினிகள் ஒன்றாகக் கைகோத்து அவற்றைச் சேமித்து வைக்கும்.

மெஷின் அறை வாசலில் தேவராசாவின் செருப்புகள். எப்போதும்போல் ஒழுங்காகக் கழற்றி, அருகருகே.

உள்ளே வெள்ளைத் துணி. அதற்கு வெளியே இரண்டு பாதங்கள்.

அன்னலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிஸ்தான் அன்னலட்சுமி?"

திரும்பினாள். இன்ஸ்பெக்டர் ரணவீர. மட்டக்களப்பில் வேலை பார்த்துப் பழகிய தமிழ்.

"ஆமாங்க."

"மிஸ்ஸுக்கு இங்க என்ன வேலை?"

"கையேடு எழுதுறேன் சேர். தேவராசா ஒரு புரோகிராம் செஞ்சிருக்காரு. கரண்ட் போறதுக்கு முன்னால பன்னிரண்டு மெஷினிலயும் ஓடுற வேலைகளை அதுவே ஒவ்வொண்ணா, வரிசையா நிப்பாட்டும். 'தாலாட்டு'ன்னு பேரு. அதை எப்படிப் பாவிக்கிறதுன்னு எழுதுறேன்."

"தாலாட்டு!" இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் தூங்க வச்சிருக்கு. இங்க பாருங்க."

அறைக்கு வெளியே, தேவராசாவின் மேசைத் திரையில் பன்னிரண்டு வரிகள்.

முதலாம் கணினி... நின்றது. இரண்டாம் கணினி... நின்றது.

பன்னிரண்டும் நின்றுவிட்டன!

"பதினொண்ணு பத்துக்கு எல்லாத்தையும் நிப்பாட்டியிருக்கு. கமராப் பதிவும் போச்சு. ஏன்? கூட்டாளியை உள்ள எடுக்கணும். வந்த ஆள் ஏதோ சண்டையில மண்டையில அடிச்சிட்டு ஓடிட்டான். புலி வேலை!"

"ஐயோ, அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க!"

"எனக்கும் நம்ப ஏலாமத்தான் கிடக்கு, பிள்ளை." மனேஜர் விமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் சிவந்திருந்தன. "என்ர தம்பி மாதிரி வச்சிருந்தன். ஆனா, கொஞ்ச நாளா ஆள் ஒரு மாதிரித்தான்..."

"பத்மாதேவி அக்கா எங்கங்க?"

"கீழ ஜீப்பில," என்றார் இன்ஸ்பெக்டர். "அக்காவையும் விசாரிக்க வேணும்."

ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே தேவராசாவின் அக்கா. அழவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயங்கரவாதி!

அறிக்கையில் அந்த ஒரு சொல் விழுந்தால் போதும். உடலைத் தர மாட்டார்கள். விசாரிக்கக் கொண்டுபோகும் அக்காவும் திரும்ப மாட்டாள்.

அன்னலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். பன்னிரண்டு வரிகளுக்கும் மேலே, தட்டச்சு செய்த கட்டளை.

குனிந்து அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

அது அவள் எழுதிய கட்டளை. கையேட்டில், ஒன்பதாம் பக்கத்தில், உதாரணமாகக் கொடுத்தது. புள்ளிக்குப் புள்ளி அதேதான். வாலில் இருக்கும் அந்தச் சின்னச் சொல் உட்பட!

"சேர்... இதை அடிச்சது தேவராசா இல்ல."

"என்ன?"

"அவரு செஞ்ச புரோகிராமை அவரே கையேட்டைப் பாத்தா அடிப்பாரு? இது யாரோ தெரியாதவங்க, பாத்துப் பாத்து அடிச்சது."

"கையேடு யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டு பிரதிதான் சேர். நேத்துத்தான் அச்செடுத்தேன். ஒண்ணு தேவராசாகிட்ட..."

நிறுத்தினாள். மெல்லத் தலையைத் திருப்பினாள்.

விமலநாதன் சிரிக்க முயன்றார். "என்னட்டையும் ஒண்டு இருக்குத்தான். அதுக்கென்ன? மேசையில கிடந்தது. ஆரும் எடுத்திருக்கலாம். கமராவும் நிண்டு போச்சு. இனி ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலுமே?"

"கமரா நிக்கல சேர்."



"எ... என்ன பிள்ளை சொல்லுறீங்கள்?"

"கடைசிச் சொல்லைப் பாருங்க. அது ஒத்திகைச் சொல்லு. அதைப் போட்டா 'நின்றது, நின்றது'ன்னு திரையில மட்டும்தான் வரும். நெசத்துல ஒண்ணுமே நிக்காது."

உதாரணத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்க வைத்தவன் தேவராசா. போன மாதம், தேநீர்க் கோப்பையோடு அவள் கதிரைக்குப் பின்னால் நின்று சொன்னான்.

'உதாரணமெல்லாம் ஒத்திகையாத்தான் இருக்க வேணும், லட்சுமி. புதுசா வாசிக்கிறவன் அப்பிடியே பார்த்து அடிப்பான். அடிச்சாலும் ஒண்டும் சாகக்கூடாது.'

ஒண்டும் சாகக்கூடாது!

விமலநாதனின் கை மின்சார சுவிட்சை நோக்கி நகர்ந்தது...

இன்ஸ்பெக்டரின் கை அதைவிட வேகமாக நகர்ந்தது!

"அசையாதீங்க மிஸ்டர். மிஸ், படத்தைப் போடுங்க."

பதினொன்று பன்னிரண்டு. மெஷின் அறை. தேவராசா குனிந்து வயர் ஒன்றைச் சரிசெய்கிறான். கதவு திறக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறான். தெரிந்த முகம்... சிரிக்கிறான். திரும்பவும் குனிகிறான்.

அவனுக்குப் பின்னால் விமலநாதன். கையில் இரும்புக் கம்பி!

அன்னலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் இமைக்குள் நின்றது.

"பாலத்தடியில வெள்ளை வேன்..." விமலநாதன் தரையில் சரிந்தார். "முந்தாநாள் ஒரு கடைக்காரனைக் கடத்தி ஏத்திச்சினம். ஆள் காட்டினது நான். அதுவும் கமராவில விழுந்திட்டுது. அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினன். மாட்டன் எண்டிட்டான்..."

"நீங்களும் தமிழ் ஆள்தானே?" என்றாள் அன்னலட்சுமி. "எப்படிங்க மனசு வந்திச்சு?"



இன்ஸ்பெக்டர் ஜன்னலால் தலையை நீட்டி சிங்களத்தில் ஏதோ கத்தினார். கீழே பத்மாதேவி ஜீப்பிலிருந்து இறங்கினாள். எதற்கு இறக்கினார்கள் என்று புரியாமல் வெயிலில் அப்படியே நின்றாள்.

அவளிடம் யார் போய்ச் சொல்வது? எதை முதலில் சொல்வது?

விலங்கு மாட்டும்போது விமலநாதன் முனகினார்.

"பக்கம் பக்கமா வாசிச்சுத்தானே அடிச்சன்... எல்லாம் நிண்டது எண்டு காட்டிச்சே..."

"பத்தாம் பக்கம், சேர்," என்றாள் அன்னலட்சுமி, கண்ணீர் வழிய வழிய. "நெசமா நிப்பாட்டுறது எப்படின்னு அதுலதான் எழுதியிருக்கேன். ஒன்பதோட மூடிட்டீங்க."

இன்ஸ்பெக்டர் கையேட்டை எடுத்து விமலநாதனின் கக்கத்தில் செருகினார்.

"வச்சுக்கோங்க மிஸ்டர். மறியல்ல, கம்பிக்குப் பின்னால, நேரம் நிறைய இருக்கு... இந்த முறை கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிங்க!"