மீன்கள் மொய்த்த ஓரம்

முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளியதும் மீன்கள் ஓடவில்லை.

நெரெய்தா எட்டிப் பார்த்தாலே போதும், அந்த விரல்நக அளவுக் குவாஹகோன் மீன்கள் திசைக்கொன்றாகச் சிதறும். மகள் மாய்லினைக் கண்டால்தான் அவள் நிற்கும் ஓரத்தில் மொய்த்து வாயைத் திறக்கும். ரொட்டித்தூள் போடுகிறவள் அவள்தான். இப்போதும் அப்படித்தான் மொய்த்திருந்தன. ஆனால் அந்த ஓரத்தில் யாருமில்லை. மாய்லின் உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விட்ட மீன்கள். அப்படியும் வந்தது கொசுக்காய்ச்சல்.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு ரெம்பெர்த்தோவின் தலை தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைச்சிருச்சும்மா. டிரைவர் பெட்ரோலைத்தான் தேடுறான். இந்த ஊர்ல மாப்பிள்ளைகூடக் கிடைப்பான், பெட்ரோல் கிடைக்காது!" அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? சூடு கொதிக்கிறப்ப பயமில்ல. திடீர்னு இறங்கினாத்தான் பயம். பிள்ளை கைய விடாத."

அவர் போனதும் மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய, பாசி வாடையும் யார் வீட்டிலோ கறுப்பு பீன்ஸ் அடிபிடித்த நாற்றமும் மேலெழும்ப, அந்திவெளிச்சத்தில் மீன்கூட்டம் தொட்டியின் விளிம்பை ஒட்டியே மெல்ல நகர்ந்து, நடந்து போகிற யாரையோ பின்தொடர்வதுபோல வீட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றது.

நெரெய்தா வாளியை முக்கி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலருகே வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். மகளின் கை அனலாய்க் கொதித்தது. அந்தச் சூடு அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துணியை நனைக்கக் குனிந்தாள்.

வாளியில் நாலைந்து மீன்கள் வந்திருந்தன. எல்லாம் கதவுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன.

அங்கே நிற்பது யாரென்று தாய்க்குத் தெரிந்துபோயிற்று.

"மாய்லின்... இங்க வாடா கண்ணு. அம்மாகிட்ட வா."

மீன்கள் அசைந்தன. விளிம்போடு வந்தன. கட்டில் பக்கம். அவள் முழங்காலருகே.

"வா தங்கம். படுத்துக்கோ."

நின்றன. வாய் திறந்து. மூடி.

வெளியே வண்டிச் சத்தம். ரெம்பெர்த்தோவின் குரல். "வந்தாச்சு! பிள்ளையத் தூக்கு!"

மீன்கள் திரும்பின.

"போகாதடி!"

ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அவள் பிடித்திருந்த கையில் சூடு இறங்கிக்கொண்டே இருந்தது.