நாற்பத்திரண்டாவது குறிப்பு

கம்பளி அக்காவின் பெயரில் அன்று மதியம் இரண்டு மணி பதினொரு நிமிடத்துக்கு ஒரு ஃபைல் உருவாகியிருந்தது. கம்பளி அக்கா செத்துப் பத்தொன்பது நாளாகிவிட்டது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நின்ற அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது, காலையிலிருந்து கொதித்த அதே கோபம். மேனேஜர் வேலைதான் இது. செத்தவளின் பாஸ்வேர்டில் நுழைந்து, குளிர் அறைக் கதவு நன்றாகத்தான் இருந்தது என்று அவளே எழுதிவைத்ததுபோல எதையோ செருகுகிறான். நாளைக்கு விசாரணை அதிகாரி வருகிறார் அல்லவா.

அந்த உறைமீன் கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'சிஸ்டம் மேடம்', கம்பளி அக்காவுக்கு மட்டும் 'பாப்பா'. குளிர் அறைகளில் சரக்கு சரிபார்க்கும் அக்கா, வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டாள். "உள்ள போய் உள்ள போய் எலும்பெல்லாம் ஐஸ்கட்டி ஆயிருச்சு பாப்பா. நான் செத்தா ஒடச்சு ஜூஸ்ல போட்டுக்கோங்க" என்று சிரிப்பாள். நாலாம் அறையில் உள்பக்கக் கைப்பிடி கழன்று ஆடுகிறது என்று மூன்று முறை புகார் எழுதியிருந்தாள். நாலாவது முறை எழுத அவள் இல்லை. அப்படி ஒரு புகாரே வரவில்லை என்று மேனேஜர் கூசாமல் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வாய்.

அந்தப் புகார்களைத் தேடித்தான் விடுமுறை நாளில் தனியாக வந்திருந்தாள். மௌஸைப் பிடித்து ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். கட்டளைத் திரையைத் திறந்து, சர்வரின் அடிவேரிலிருந்து தொடங்கி, அக்காவின் பெயரில் உள்ள ஃபைல் எந்த இண்டு இடுக்கில் கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வா என்று 'ஃபைண்ட்' கட்டளை கொடுத்தாள். புகார்கள் வரவில்லை. சுத்தமாகத் துடைத்திருந்தான். வந்த வரிகள் எல்லாம் ஒரே ஃபோல்டரைச் சேர்ந்தவை. அதன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தது. அப்படிப் புள்ளி வைத்தால், சாதாரணமாகப் பட்டியல் கேட்பவர் கண்ணில் அது படாது.

அந்தப் புள்ளியை வைத்தது அவளேதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு. கையில் பிடிக்கிற ஸ்கேனரில் சரக்கு எண் இல்லாமல் யாராவது எதையாவது தட்டிவிட்டால் பட்டியல் குப்பையாகிறது என்று, அந்தக் குறிப்புகள் தானாக ஒதுங்கிப்போக வழி செய்திருந்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

'சிடி' அடித்து உள்ளே போனாள். 'எல்எஸ்' அடித்துப் பட்டியல் கேட்டாள். நாற்பத்திரண்டு ஃபைல்கள். அவற்றில் நாற்பத்தொன்று அக்கா செத்த நாளுடையவை. காலை பத்து இருபதிலிருந்து பிற்பகல் ஒன்று நாற்பத்தேழு வரை.

சுவருக்கு அப்பால் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டே இருந்தது, நின்றால்தான் அது ஓடியது தெரியும் என்கிற மாதிரி ஒரு சத்தம். கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்து ஈரமும், மீன் வாடையும், கதவுகளைச் சுற்றி ஒட்டிய ரப்பரின் புளித்த மணமும் காலோடு காலாக ஊர்ந்து வந்தன. சன்னலில் வெள்ளையாக வெயில் எரிந்தும் அவள் கணுக்கால் சில்லிட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

'கதவு தெறக்கல.'

'நாலாம் ரூம். யாராவது வாங்க.'

'பாப்பா நீ சீட்லதான இருக்க. ஸ்க்ரீன பாரு.'

'தட்டி தட்டி கை மரத்துருச்சு.'

'பாப்பா பாக்குறியா.'

அன்று அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள். காதில் பாட்டு. நாலாம் அறைக்கு இங்கிருந்து இருபது அடி.

நாற்பத்தொன்றாவதில் ஒரே ஓர் எழுத்து. 'பா'.

நாற்பத்திரண்டாவதைத் திறக்க விரல் எழவில்லை. அக்காவின் ஸ்கேனரைப் போலீஸ் கவரில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோய்விட்டது. திறந்தாள்.

'யாரு லைட்ட போட்டது.'

உள்ளே வரும்போது தாழ்வாரத்து மெயின் ஸ்விட்சை அவள்தான் போட்டாள். இரண்டு மணி பத்துக்கு.

"லீவு நாள்ல இங்க என்னம்மா பண்ற?"

தூக்கிவாரிப்போட்டது. மேனேஜர். வாட்ச்மேன் போன் போட்டிருப்பான்.

"அக்கா எழுதினத படிக்கிறேன் சார். நீங்களும் படிங்க."

அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தான். காதருகே அவன் எச்சில் விழுங்குவது கேட்டது.

"அழிச்சிரு."

"முடியாது. அந்த மூணு புகாரையும் அழிச்ச மாதிரி இதையும் அழிக்கலாம்னு பாக்குறீங்களா?"

"வார்த்தைய அளந்து பேசு. இத யாரு கண்லயும் படாம ஒதுக்கி வெச்சது யாரு? கைப்பிடிக்கு நான்னா, இதுக்கு நீ. ரெண்டு பேருந்தான் மாட்டுவோம்."

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. கோபம் இன்னும் ஏறியது. வேறெதுவும் செய்யத் தோன்றாமல், மறுபடி பட்டியல் கேட்டு விசையைக் குத்தினாள்.

நாற்பத்து மூன்று. இரண்டு முப்பத்தொன்று. 'மேனேஜர் கொரலு கேக்குது.'

அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "எவனோ ஸ்கேனரோட உள்ள உக்காந்துக்கிட்டு வெளையாடுறான். இரு, இழுத்துட்டு வரேன்."

"சார், உள்ள போகாதீங்க."

"புதுக் கைப்பிடி போட்டாச்சும்மா. சும்மா தொட்டாலே தெறக்கும்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. நாலாம் அறைக் கதவு திறந்தது. ரப்பர் காற்றை உறிஞ்சி, பச்சக்கென்று மூடிக்கொண்டது.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.

டொம். டொம். டொம்.

எழுந்தாள். கதவுவரை போனவள் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தட்டட்டும்.

அக்கா மூன்றரை மணி நேரம் தட்டினாள். நீ மூன்று நிமிடம் தட்டு. தொட்டாலே திறக்குமே, தொடேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சில் எரிந்த நெருப்பு கொஞ்சம் தணிந்தது. இனித்தது. தட்டு. இன்னும் தட்டு.

டொம். டொம்.

பட்டியல் கேட்டாள். இரண்டு முப்பத்தெட்டு. புதிது.

'இப்பவும் சும்மாதான் உக்காந்திருக்கியா பாப்பா.'

ஓடினாள். நாற்காலி விழுந்தது. தாழ்வாரம். ஈரத்தில் கால் வழுக்கியது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். கதவு சிரமமில்லாமல் வந்தது. வெள்ளைப் புகை முழங்காலைச் சுற்றிக்கொண்டது.

மேனேஜர் கதவருகே இல்லை.

அறையின் கடைசியில், மீன் பெட்டி அடுக்குகளுக்கு அப்பால், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். இமையில் பனி. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. அவளைப் பார்க்கவில்லை. அவள் பிடித்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டொம்.

கதவு அவள் கையில் அதிர்ந்தது.

முழுதாகத் திறந்து கிடந்த கதவு. அதன் உள்பக்கத்தில் யாரும் இல்லை. தகட்டில் படிந்த பனி, அவள் முகத்துக்கு நேராக, ஒரு கைமுட்டி அளவுக்கு உதிர்ந்தது.

டொம். இன்னொன்று. நெஞ்சு உயரத்தில்.

டொம். இடுப்பு உயரத்தில்.

டொம். முழங்காலருகே. மெதுவாக.

பிறகு தரையோடு தரையாக, அவள் கால் விரலுக்குப் பக்கத்தில், பனியில் ஐந்து கோடுகள் கீறிக்கொண்டே இறங்கின.