ப்ரோப் தொட்ட இடம்

மெஷினுக்குள் கீழே இறங்கிக்கொண்டிருந்த ப்ரோப் என்ற அளவு ஊசி, இரும்பைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்பே நின்றுவிட்டது. அதன் கழுத்தில் எரிந்த பச்சை விளக்கு சிவப்பானது. எதையோ தொட்டுவிட்டதாகத் திரையில் எண்கள் விழுந்தன.

தர்ஷினி கண்ணாடிக் கதவில் நெற்றி படக் குனிந்து பார்த்தாள். ஊசியின் முனையில் இருந்த மிளகளவு சிவப்புக்கல் உருண்டை அந்தரத்தில் நின்றது. கீழே மேசையில் அறுவடை இயந்திரத்தின் கியர் பெட்டி. நடுவில் வெறும் காற்று.

இரும்பை வெட்டும் சி.என்.சி மெஷினுக்குக் கண் கிடையாது. எக்ஸ், ஒய், இசட் என்று எண்களைக் கொடுத்தால் அந்த இடத்துக்குப் போகும். அங்கே இரும்பு இருந்தாலும் மனிதக் கை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ப்ரோப்பை விட்டுத் தொட்டுப் பார்த்து, இதுதான் பூஜ்யம், இங்கிருந்து கணக்கிடு என்று புரோகிராமுக்குச் சொல்ல வேண்டும். நாகூர்க் கடலில் அப்பா கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்ப்பாரே, அதே வேலைதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். குண்டு நின்றால் அங்கே தரை இருக்கிறது. ஊசி எதிலாவது பட்டு இம்மியளவு சாய்ந்தாலே விளக்கு சிவக்கும்.

கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினாள். ஊசிக்குக் கீழே துழாவினாள். ஒன்றுமில்லை. இரும்பைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் புளித்த மோர் வாடை மட்டும் முகத்தில் அடித்தது.

கும்பகோணம் சாலையை ஒட்டி வயல்களுக்கு நடுவே இருந்த அந்தத் தகரக் கொட்டகைப் பட்டறையில் அன்று அவள் மட்டும்தான். முதலாளி சந்தானகிருஷ்ணன் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஐப்பசி மழை விடாமல் கூரையைத் தட்டியது. பொழுது சாயுமுன்பே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து ஈர வைக்கோல் வாசமும் தவளைச் சத்தமும் மெஷினின் மெல்லிய முனகலோடு கலந்து வந்துகொண்டிருந்தன.

கதவை மூடி மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இறக்கினாள். சற்றுக் கீழே போய் நின்றது. வலப்பக்கமும் அப்படியே. கோளாறு என்றால் தாறுமாறாக அல்லவா நிற்கும்? இது ஒழுங்காக நின்றது. இடத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ப்ரோப்பை இறக்கி எடுக்கும்படி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினாள். விழுந்த எண்களைக் கம்ப்யூட்டரில் புள்ளிகளாக மாற்றினாள்.

திரையில் வழவழப்பான ஒரு மேடு எழுந்தது. பூசணிக்காய் மாதிரி. அதன் இருபுறமும் தாழ்ந்து போகும் இரண்டு சரிவுகள்.

மேலேயிருந்து பார்த்தால் தெரியும் உச்சந்தலை. தோள்கள்.

அவள் முதலாளிக்குப் போன் செய்து, ப்ரோப் காற்றிலேயே நிற்பதைச் சொன்னாள்.

"பேட்டரி இறங்கியிருக்கும்மா. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. அதே அளவு வந்தா ப்ரோப்பு நல்லாருக்குன்னு அர்த்தம்."

"சார், அது... ஆள் மாதிரி இருக்கு சார்."

"என்னது? சத்தம் சரியா கேக்கல, இங்க மேளம் வாசிக்கிறாங்க. பேட்டரிய மாத்துங்க."

இன்னொரு தடவை எடுத்தாள். அதே அளவு வரவில்லை. மேடு இப்போது வழவழப்பாக இல்லை. நடுவில் மெல்லிய ஒரு முகடு. அதன் இரு பக்கமும் ஒரே அளவில் இரண்டு பள்ளங்கள்.

அது அண்ணாந்திருந்தது.

போன் அடித்தது. கையிலிருந்து நழுவப் பார்த்தது. ராஜாங்கம். அறுவடை இயந்திரத்துக்காரர்.

"மேடம், திருக்காட்டுப்பள்ளில வண்டி வயல்லயே நிக்குதுங்க. தண்ணி ஏறிட்டு இருக்கு. குறுவை பூரா சாஞ்சு கெடக்கு. ராத்திரியே பெட்டிய மாட்டினாத்தான் காலைல அறுக்க முடியும். நான் கிளம்பி வந்துட்டு இருக்கேன்."

"வாங்கண்ணே. முடிச்சுடறேன்," என்றாள்.

பேட்டரியை மாற்ற வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ப்ரோப்பைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, திரும்ப மாட்டினாள். புறங்கையில் எதுவோ வெதுவெதுப்பாகப் பட்டுப் போயிற்று. மெஷின் சூடு. அப்படித்தான் இருக்க வேண்டும். கதவை இழுத்து மூடினாள்.

ப்ரோப் இறங்கியது. நிற்கவில்லை. இரும்பு வரை போய், தொட்டு, சிவந்து, மேலே ஏறியது. கட்டங்களின் எல்லா மூலைகளிலும் அப்படியே. உள்ளே எதுவும் இல்லை. தர்ஷினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேட்டரிதான். வேறென்ன?

பூஜ்யம் பதிந்தது. புரோகிராம் ஓடியது. கட்டர் வெள்ளைக் கூலண்டில் நனைந்தபடி கியர் பெட்டியின் தேய்ந்த துளையைக் குடைந்து முடித்தது. கடைசியாக ப்ரோப்பே உள்ளே இறங்கித் துளையை அளந்தது. அளவு சுத்தம்.

கதவைத் திறந்து ப்ரோப்பைக் கழற்றினாள். அதன் பெட்டி ஷட்டர் பக்கத்து அலமாரியில் இருந்தது. ஊசி எதிலும் இடித்துவிடாமல், மெழுகுவர்த்தியைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பச்சை விளக்கு மினுங்கியது.

வெளியே பைக் சத்தம். ஷட்டரைத் தட்டினார்கள்.

"மேடம், ஆச்சுங்களா?"

"ஆச்சுண்ணே, வர்றேன்."

நடந்தாள். விளக்கு சிவந்தது.

நின்றாள். எதிரே ஷட்டர், ஆளில்லாத சிமெண்டுத் தரை, டியூப்லைட் வெளிச்சம். கையைப் பின்னுக்கு இழுத்தாள். பச்சை. முன்னால் நீட்டினாள். சிவப்பு. இடப்பக்கம். சிவப்பு. வலப்பக்கம். சிவப்பு. நெஞ்சு உயரத்தில். கழுத்து உயரத்தில்.

முகத்துக்கு நேராக.

"தொறங்க மேடம், நனையிறேன்."

கையை இழுத்து மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பச்சை. மழை. தவளை. ஷட்டரில் தட்டும் சத்தம்.

கை அசையவில்லை. அவள் அசையவில்லை.

சிவப்பு.

ஊசி மெல்ல, மிக மெல்ல, அவள் பக்கமாகச் சாய்ந்தது.